ஏழாம் தொகுதியின் தபால் பெட்டி

வாழ்க அர்லீன் ஸ்வோபோடா! இருபத்தொன்பது பனிக்காலங்கள் மஞ்சள் தேர் செலுத்தி, ஊர்ப்பிள்ளைகளில் ஒருவர் குறையாமல் பள்ளி வாயிலில் இறக்கிவிட்ட பேருந்துச் சாரதி. பின்னிருக்கையிலிருந்து பறந்த காகித அம்பை, திரும்பாமலே, கண்ணாடியில் எறிந்த ஒற்றைப் பார்வையால் நடுவழியில் நாணச் செய்த நெடுநோக்கினள். அறுபத்தெட்டாம் அகவையில், இடுப்புவலி ஒன்றே மெய்க்காவலாய் உடன்வர, ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்தையே நீதிக்களத்துக்கு வாவென்று அறைகூவிய வீராங்கனை. அவள் புகழ் பாடப் புகுந்தோம். கேட்போர் கைபேசிகளை அணைத்து வைக்கட்டும்.

அவள் நாடு ஆநிரை மிகுந்தது. மனிதருக்கு இரண்டு பசு வீதம் மேயும் அந்த மாநிலத்தில், பத்தாண்டுக்கொருமுறை மக்களை எண்ணி முடித்ததும் தேர்தல் தொகுதிகளின் எல்லைகளைத் திருத்தி வரைவார்கள். செங்கோல் எவர் கையிலோ வரைகோலும் அவர் கையிலே. பண்டை மறவர் வெட்சிப்பூச் சூடி, இருளில் பதுங்கி, மாற்றான் மாடுகளைக் கவர்ந்தார்கள். இம்மறவரோ கழுத்துப்பட்டை சூடி, பட்டப்பகலில், குளிரூட்டிய அறையில் காபி அருந்தியபடி, கணினித் திரையில் வாக்காளர்களைக் கவர்ந்தார்கள். எதிர்க்கட்சிக்கு வாக்களிக்கும் காகித ஆலைத் தெருக்கள், கல்லூரி விடுதிகள், ஆற்றோரக் குடியிருப்புகள் அனைத்தையும் வளைத்து ஓட்டிவந்து ஏழாம் தொகுதி என்ற ஒரே பட்டியில் அடைத்தார்கள். அந்த ஒன்றில் எதிர்க்கட்சி நூற்றுக்கு எண்பது வாங்கி மார்தட்டிக்கொள்ளலாம். சுற்றியிருந்த ஆறு தொகுதிகளையும் ஆளுங்கட்சி நூற்றுக்கு ஐம்பத்தைந்தே வாங்கி அள்ளிக்கொள்ளும். வரைபடத்தில் ஏழாம் தொகுதியைப் பார்த்தால், உறைபனியில் வழுக்கிவிழுந்து, நான்கு காலும் நான்கு திசையில் நீட்டிக் கிடக்கும் பசுவைப் போலிருந்தது. அதன் வால் நுனி அர்லீனின் வீடு இருக்கும் ஓஸ்டர்மன் சாலையில் முடிந்தது.

அவளுக்கு இது எப்படி வலித்தது என்று கேட்பீர்கள். ஊர்ப் பள்ளியை மூடாதீர்கள் என்று அவள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்குப் பதினான்கு கடிதங்கள் எழுதினாள். எண்பது விழுக்காடு வெற்றி உறுதியான உறுப்பினர் எவருக்கு அஞ்சிப் பதில் எழுதுவார்? நாள்தோறும் நண்பகலில் நாயகி ரப்பர் பூட்ஸ் அணிந்து, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்ற தன் தபால் பெட்டியைத் திறப்பாள். அச்சாலையில் எல்லாருடைய பெட்டிகளும் கிழக்கு ஓரமாகவே வரிசையில் நிற்கும். தபால் வண்டி ஒரே திசையில் போய்க்கொண்டே சன்னல் வழியாகக் கடிதங்களைப் போட வேண்டும், திரும்பி வரக்கூடாது என்பது அந்நாட்டு மரபு. பெட்டி திறக்கும், பீட்சாக் கடை விளம்பரம் இருக்கும், பதில் இராது. பள்ளி மூடப்பட்டது. அன்றே அவள் கரந்தை சூடினாள். கவரப்பட்ட நிரையை மீட்கக் கிளம்புவோர் சூடும் பூ அது. அந்த ஊரில் கிடைக்காததால் கோட்டில் சிவப்புப் பொத்தான் ஒன்றைக் குத்திக்கொண்டாள்.

ஐவர் சேர்ந்து வழக்கிட்டார்கள். வாய்தா மழை பொழிந்தது. மனுக்கணைகள் விண்ணை மறைத்தன. புள்ளியியல் பேராசிரியர்கள் யானைப்படையென அணிவகுத்து, ஒருவர் சொன்னதை ஒருவர் மிதித்துச் சென்றார்கள். மூன்றாண்டுகளில் ஒருவர் மாண்டார். ஒருவர் வெயில் தேடித் தெற்கே குடிபெயர்ந்தார். இருவர் சலித்து விலகினர். எஞ்சியவள் அர்லீன் ஒருத்தியே. தொகுதியில் குடியிருப்பவர்தான் அத்தொகுதியின் எல்லையை எதிர்த்து வழக்காட முடியும் என்பது சட்டம். அவள் வீழ்ந்தால் வழக்கும் வீழும்.

இறுதி விசாரணை நாளில் அவளுக்குத் தேர் கொடுத்தவன் எதிர்வீட்டு கிளிஃப் நூட்சன். கோடு வரைந்த கட்சிக்கே பரம்பரையாக வாக்களிப்பவன். ஆனால் இடுப்பு வலிக்கிறவளைப் பேருந்தில் அனுப்ப மனம் வராதவன். வண்டியில் டோனட் பெட்டியை அவள் மடியில் வைத்துவிட்டுப் பேசினான்.

"உன்னைக் கொண்டுபோய் விடுறேனே தவிர, நீ ஜெயிக்கணும்னு வேண்டிக்கல, தெரிஞ்சுக்கோ."

"நீ வேண்டிக்கிட்டாத்தான் எனக்குப் பயம். போன வருஷம் உங்க டீமுக்கு வேண்டிக்கிட்டியே, என்ன ஆச்சு?"

"அதெல்லாம் இழுக்காத. ஏழாம் தொகுதியில உங்க ஆளுங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டவன் நான். என் ஓட்டு அங்க செல்லாக் காசு."

"என் ஓட்டும்தான் கிளிஃப். எண்பதோட எண்பத்தொண்ணு. வழியப் பாத்து ஓட்டு."

நீதிமன்றம் நிறைந்திருந்தது. கல்மலைபோல் வீற்றிருந்தார் நீதிபதி மார்கரெட் ஹோல்ம். அர்லீனின் பக்கம் வழக்கறிஞர் பிரிசில்லா ரோத், கோப்புகளைக் கேடயமாய் ஏந்தி நின்றாள். மாநில அரசின் பக்கம் எழுந்தார் கார்ல்டன் விட்டேக்கர்; வெள்ளித் தலைமுடியும் தேன்குரலும் கொண்டவர், எதிரியைக் கொல்லுமுன் நலம் விசாரிக்கும் பண்பினர்.

"இடுப்பு எப்படி இருக்கு, மிஸஸ் ஸ்வோபோடா?"

"நீங்க கேக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்தது."

"உங்க தபால் பெட்டி ரோட்டுக்கு எந்தப் பக்கம்?"

"கிழக்கே. எல்லாரோடதும் அங்கதான்."

"நீங்க படுத்துத் தூங்கற கட்டில்?"

"மேற்கே, என் வீட்டுல. ஏன், போர்வை மடிச்சிருக்கேனான்னு பாக்கணுமா?"

அவை சிரித்தது. விட்டேக்கரும் சிரித்தார். சிரித்தபடியே, மதங்கொண்ட களிற்றின் முகபடாம் விலக்குவதுபோல், பலகையிலிருந்த பெரிய வரைபடத்தின் திரையை விலக்கினார். தொகுதியின் எல்லைக்கோடு ஓஸ்டர்மன் சாலையின் நட்டநடுவே ஓடியது. கிழக்கு ஏழாம் தொகுதி. மேற்கு நான்காம் தொகுதி.

"யுவர் ஆனர், ஏழாம் தொகுதியில் குடியிருப்பது இந்த அம்மையார் அல்ல, இவருடைய தபால் பெட்டி! வழக்குத் தொடுக்க விரும்பினால் அந்தப் பெட்டி கூண்டேறட்டும்!" என்று முழங்கினார்.

பிரிசில்லாவின் முகம் வெளுத்தது. வாக்காளர் பட்டியலில் அர்லீனின் பெயர் ஏழாம் தொகுதியில் இருந்ததால், வீடு எந்த ஓரத்தில் நிற்கிறதென்று நேரில் போய்ப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பட்டியலை எழுதிய கவுண்டி என்னும் மாவட்ட அலுவலகமோ, அச்சாலையின் எல்லா வீடுகளையும் பெட்டி நின்ற இடத்தை வைத்தே குறித்துவிட்டிருந்தது. மூன்றாண்டுப் போர், பதினான்கு கடிதம், மூடிய பள்ளி, மாண்டவரின் கையெழுத்து, எல்லாம் ஒரு தகரப் பெட்டியின் காலடியில் சரிந்தன.

அர்லீனின் காது மடல்கள் சிவந்தன. அந்த நிறத்தை ஊரில் ஒரு தலைமுறையே அறியும்; பேருந்து ஓரங்கட்டப்படப் போகிறதென்று அதற்குப் பொருள். அவள் கூண்டின் கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

"அப்போ மூணு தேர்தலா எனக்கு ஏழாம் தொகுதி ஓட்டுச் சீட்டைக் கையில குடுத்தது யாருங்க? உங்க ஆளுங்கதானே?"

விட்டேக்கர் வாய் திறந்தார்.

"இருங்க, நான் இன்னும் முடிக்கல. அந்த ரோட்டுல மேற்கால பதினோரு வீடு. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நான் பஸ்ஸ நிறுத்தியிருக்கேன். பதினோரு வீட்டுப் பெட்டியும் கிழக்கால. நான் ஏழுல குடியிருந்தா வழக்கு நிக்கும். இல்லேன்னா பதினோரு வீட்டுக்கும் தப்பான சீட்டக் குடுத்து மூணு தேர்தல் நடத்தியிருக்கீங்க. ரெண்டுல எதுன்னு சொல்லிட்டு உக்காருங்க."

"அப்படிப் போடு!" என்றது பார்வையாளர் வரிசை. கத்தியவன் கிளிஃப். தான் எந்தக் கட்சி என்பதை ஒரு நொடி மறந்துவிட்ட அவனை நீதிபதியின் சுத்தியல் நினைவூட்டி உட்காரவைத்தது. விட்டேக்கரோ வரைபடத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். பிரிசில்லாவுக்கு நிறம் மீண்டது. களம் அர்லீனுடையதாயிற்று, அன்று மாலை வண்டியில் மிச்சமிருந்த டோனட்டுகளை அவளும் கிளிஃபும் தின்று முடித்தார்கள்.

எட்டு வாரங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. அறுபத்திரண்டு பக்கம். பிரிசில்லா ஏடு புரட்டிப் படித்தாள். தொலைபேசியின் மறுமுனையில் அர்லீன் மூச்சடக்கிக் கேட்டாள். இந்த அம்மையார் வழக்காடத் தகுதியுடையவரே என்றது தீர்ப்பு. அரசே ஏழாம் தொகுதிச் சீட்டைக் கொடுத்துவிட்டு இன்று குடியில்லை என்பது அழகல்ல என்றது. எல்லை கோணலானது, கட்சிக்காகவே கோணலாக்கப்பட்டது, கண்ணுள்ளார் எவர்க்கும் அது தெரியும் என்றது. மலையுச்சியில் வாகைப்பூ மலர்ந்து மணந்த அந்தக் கணத்தில், நாற்பத்தேழாம் பக்கம் புரண்டது. எவ்வளவு கோணலானால் அது அளவுமீறிய கோணல் என்று அளக்க நீதிமன்றத்திடம் அளவுகோல் இல்லை. ஆகவே குறைதீர வேண்டுவோர் சட்டமன்றத்தையே அணுகுக. மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர் வீட்டுக் கொல்லையிலேயே போய் மாடு காணோம் என்று முறையிடுக என்றவாறு. வழக்கு தள்ளுபடி.

"அர்லீன், லைன்ல இருக்கீங்களா?" என்றாள் பிரிசில்லா.

"இருக்கேன்மா. அதுக்கப்புறம் ஏதாவது எழுதியிருக்காரா அந்தம்மா?"

எழுதியிருந்தார். அறுபத்தோராம் பக்கத்தில், மூன்றாண்டுப் பெரும்போரின் ஒரே கட்டளை, கல்வெட்டில் பொறிக்கத்தக்க கம்பீரத்தோடு ஒளிர்ந்தது: மக்களாட்சியின் தூய்மை கருதி, வாக்காளர் பட்டியல் உடனே திருத்தப்படுக, இனியொரு காலத்தும் இக்குழப்பம் தலைதூக்காவண்ணம், ஓஸ்டர்மன் சாலையின் மேற்கிலுள்ள பதினோரு இல்லங்களின் தபால் பெட்டிகளையும் கவுண்டி நிர்வாகம் பெயர்த்தெடுத்து, அவரவர் வாயிலிலேயே நாட்டுக!

கட்டளை நிறைவேறிற்று. வியாழனன்று கவுண்டியின் ஆரஞ்சு வண்டி இரைந்து வந்தது. கடப்பாரை ஏந்திய இருவர் இறங்கினர். கிளிஃப் தன் வேலியோரம் கைகட்டி நின்று, ஒரு பேரரசின் கொடிமரம் பெயர்க்கப்படுவதைக் காண்பவன்போல் தொப்பியைக் கழற்றினான். எல்லைகள் அசையவில்லை, கோணற்பசு நான்கு காலையும் நீட்டியே கிடந்தது, ஆறு தொகுதிகளின் மறவர் அடுத்த பத்தாண்டுக்கும் நிம்மதியாய் உறங்கினர். இருபத்துநான்கு அடி தூரம் மட்டும், மேற்கு நோக்கி, பதினோரு தகரப் பெட்டிகள் நகர்ந்தன.

இப்போதெல்லாம் அர்லீன் தபால் எடுக்க பூட்ஸ் போடுவதில்லை, வீட்டுச் செருப்போடே போய்விட்டு வந்துவிடுகிறாள்.