கொசு அக்காவும் பாசி அண்ணாத்தேயும்

பாசியைக் கண்டால் உலகமே ஒதுங்கி நடக்கும். அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடும் ஒரே மனிதப் பிறவி எங்கள் பாசி அண்ணாத்தேதான். பெற்றோர் வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருந்திருக்கும். நாங்கள் பார்த்ததில்லை.

பட்டாபிராமில் ஒரு மாடி வீட்டில் நாலு பேர் தங்கியிருந்தோம். அண்ணாத்தேக்கு அம்பத்தூரில் தண்ணீர் கேன் கம்பெனியில் வேலை. தண்ணீரில் ஒரு கிருமியும் இல்லை என்று சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் துக்கத்தை ஆற்றிக்கொள்ளத்தானோ என்னவோ, ஞாயிறுதோறும் கோவில்பதாகை ஏரிக்குப் போய், உயிருள்ள தண்ணீராகப் பார்த்து ஊறுகாய் ஜாடிகளில் பிடித்து வருவார். பால்கனி முழுக்க ஜாடி. துணி காயப்போட இடம் கிடையாது.

ஒருநாள் என் பிடரியைப் பிடித்து மைக்ராஸ்கோப்பில் அழுத்தினார். பச்சை உருண்டை ஒன்று மெல்லச் சுழன்றது. உள்ளே குட்டி உருண்டைகள்.

"வால்வாக்ஸ்னு ஒரு பாசி, மாமே. ஒரு ஆளுன்னு நெனைக்காத, உள்ள ஊரே கீது. இதுக்குப் பங்காளிப் பாசி ஒருத்தன் கீறான், ஒத்த செல்லு. அவனால நீந்திக்கினே குட்டி போட முடியாது. இங்க சில செல்லு நீந்துது, சில செல்லு குட்டி போடுது. தனியா சுத்துனவன் எப்டி கூட்டா சேந்தான்னு இதுல தெரியும்."

"நாமளும் இதுலேருந்துதான் வந்தோமாண்ணே?"

"சேச்சே, நம்ம வம்சம் வேற. இது அவங்க ஊட்டுக் கத."

"அப்ப நாம எதுக்குப் பாக்கணும்?"

"பக்கத்து ஊட்டுக் கல்யாணம்னா பாக்க மாட்டியா?"

பிறகு எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆளுக்கொரு பால் பாக்கெட் வாங்கி, பெயர் எழுதி ஃப்ரிட்ஜில் வைக்கும் வீடு அது. "நீங்கள்லாம் இன்னும் ஒத்த செல்லுதான்டா."

அந்தக் குட்டி உருண்டைகள் பிறப்பதற்கு முன், சட்டையைக் கழற்றும்போது ஆவதுபோல, உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திரும்புமாம். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அண்ணாத்தேயின் வாழ்நாள் ஆசை. அதற்காகவே லீவு போட்டு உட்கார்ந்திருந்த அன்றுதான், தேங்கிய தண்ணீரைத் தேடிக்கொண்டு கொசு ஒழிப்பு அக்கா வந்தார்.

"இன்னாப்பா இதெல்லாம்?"

ஒருவன் அபிஷேகத் தண்ணீர் என்றான். இன்னொருவன் கீரை சூப் என்றான். நான் இது எங்கள் வீடே இல்லை என்றேன். அண்ணாத்தே மட்டும், "யக்கா, கொசுவே கெடையாது, நீயே பாரு," என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

அக்கா குனிந்து பார்த்தார். "அழகாத்தான் கீது. ஆனா அந்த ஜாடில வால ஆட்டிக்கினு மேல வருதே, அது இன்னா?"

அண்ணாத்தேக்குப் பொய் வராது. "கொசுப்புழுதான்க்கா."

ஜாடிகள் எல்லாம் மொட்டைமாடி வெயிலில் கவிழ்ந்தன. அண்ணாத்தே கீழே ஓடிவந்து பார்த்தபோது மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்த கண்ணாடித் துண்டில் இருந்த கடைசிச் சொட்டும் காய்ந்திருந்தது.

அதன் பிறகு அவர் பாசி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறன்று சலூனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோவில்பதாகை ஏரிக்குப் போனேன். அங்கே, துணி எடுக்கப் போனவனும் சர்ச்சுக்குப் போனவனும் ஆளுக்கொரு பாட்டிலோடு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள்.

இரண்டு பாட்டிலில் வெறும் சேறு. மூன்றாவதில் வால்வாக்ஸ் இருந்தது. மறுநாளே அண்ணாத்தே மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "ஆரம்பிச்சிடுச்சுடா. வாங்க, மொதல்ல நீங்க பாருங்க," என்று எழுந்துகொண்டார்.

மூவரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். சாப்பாடு, வேலை எல்லாம் மறந்துபோயின. அவர் முறை வந்தபோது உருண்டை முழுக்கத் திரும்பி முடிந்திருந்தது.

அண்ணாத்தே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எப்டி இருந்துச்சு? அப்பால இன்னா ஆச்சு?" என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் பூரித்துக் கிடந்தது. நான் என் சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி மெல்லத் திருப்பிக் காட்டினேன்.