நாலுக்கு நாலு

புதுக் கேபிள் மாட்டிய பிறகும் அந்த இரைச்சல் போகவில்லை. வலது பக்க ஸ்பீக்கருக்குள் யாரோ காய்ச்சலில் படுத்து முனகுவது போல் கேட்டுக்கொண்டே இருந்தது.

விஜயசங்கர் வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியதே பாட்டுக் கேட்கத்தான். தென்காசி வீட்டின் முன்னறையில் ஆம்ப்ளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர் ரெண்டு, ஒரே ஒரு நாற்காலி. வேறு எதற்கும் அங்கே அனுமதி கிடையாது. வெளியே சாரல். காயாத துணியை மனைவி ஸ்ரீதேவி ஜன்னல் கம்பி, கட்டில் கால், ஃபேன் ரெக்கை என்று மிச்ச வீடு முழுக்கத் தொங்கவிட்டிருந்தாள்.

விஜயசங்கர் பக்கத்து வீட்டுப் பரீதுக்குப் போன் போட்டார். ஷார்ஜாவில் ஆடியோ ஷோரூமில் இருந்தவன். இந்தக் கேபிளைச் சிபாரிசு செய்ததும் அவன்தான்.

"அண்ணாச்சி, கேபிள் தரையில கெடக்கா?"

"பின்ன, அந்தரத்துலயா கெடக்கும்?"

"தரையில படக்கூடாது அண்ணாச்சி. சவுண்டு அமுங்கிரும்."

விஜயசங்கர் தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாகக் கவிழ்த்து, கேபிளை அவற்றின் மேல் பவனி வரவிட்டார். இப்போது இடது ஸ்பீக்கரும் சேர்ந்து முனகியது.

"ஃபிரிட்ஜு கரண்டைக் கெடுக்கும். அணைச்சுப் பாருங்க" என்றான் பரீது.

அணைத்தார். இரைச்சல் நின்றபாடில்லை. மறுநாள் மாவு பொங்கி ஃபிரிட்ஜுக்குள் வழிந்திருந்தது.

"அப்போ ஈரம்தான் அண்ணாச்சி. கேபிளுக்குச் சாரல் ஆகாது. நல்லா காஞ்ச துணியாப் பாத்துச் சுத்துங்க."

அன்று குளியலறைக்குள்ளிருந்து ஸ்ரீதேவியின் குரல் வந்தது. "ஏங்க, துண்டு எங்க?"

ஈரச் சேலையோடு வந்து பார்த்தாள். வீட்டில் காய்ந்திருந்த மூன்று துண்டும் கேபிளைப் போர்த்திக்கொண்டு சிரட்டை மேல் சுகமாகப் படுத்திருந்தன.

"மனுசிக்குத் துவட்ட துண்டு இல்ல. வயருக்குப் போர்வையா?"

"இது வயரு இல்ல, ஸ்ரீதேவி. ஆக்சிஜன் இல்லாத செம்பு."

"எனக்கும் இங்கன ஆக்சிஜன் இல்ல. நாளைக்கு உங்க கண்ணைக் கட்டுவேன். வயரை மாத்தி மாத்திப் போடுவேன். எது பழசு, எது புதுசுன்னு சொல்லணும். ஒண்ணு தப்புனாலும் இந்த ரூம்ல துணி காயப்போடக் கொடி கட்டிருவேன்."

அந்த நாற்காலி போனால் விஜயசங்கருக்கு உலகத்தில் வேறென்ன இருக்கிறது? பரீதிடம் ஓடினார்.

"பயப்படாதீங்க. எனக்கும் என் வீட்டுக்காரி ஃபாயிஸா இதே பரீட்சை வச்சா. நாலுக்கு நாலு. அன்னைலருந்து அவ என் ரூம் பக்கம் திரும்புததே இல்ல."

சாயங்காலம் கரண்ட் போனது. ஆம்ப்ளிஃபயர் செத்ததும் விஜயசங்கர் நேராக அடுப்படிக்கு வந்து, அம்மிமேல் உட்கார்ந்துகொண்டார். கரண்ட் வரும்வரைக்கும் செம்பின் சுத்தத்தைப் பற்றி விளக்கினார். வெள்ளி முலாமைப் பற்றியும் விளக்கினார். ஸ்ரீதேவி சாம்பாருக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டாள்.

காலையில் அவள் மதிலருகே நின்று பரீதின் மனைவி ஃபாயிஸாவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவள் அவர் கண்ணை ஈரத் துண்டால் கட்டினாள்.

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. சிரட்டை ஒன்று உருண்டது. பாட்டு வந்தது.

"இது பழசு. மூஞ்சியப் பொத்திக்கிட்டுப் பாடுத மாதிரி இருக்கு."

"சரிதான்."

மறுபடி வளையல், மறுபடி பாட்டு.

"இதுதான் புதுசு! இரைச்சல் எங்க போச்சு பாத்தியா? ஐந்தருவியில அஞ்சும் தனித்தனியா விழுத மாதிரி கேக்கு."

"சரிதான்."

மூன்றாவதும் சரி, நாலாவதும் சரி. கட்டை அவிழ்த்தபோது விஜயசங்கருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "என் காதை நீ நம்பல. இப்ப நம்புதியா?"

"தோத்துட்டேன். இனி இந்த ரூமுக்குள்ள வரமாட்டேன். நீங்க கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியாக் கேளுங்க."

அவர் கதவைச் சாத்தியதும், ஸ்ரீதேவி ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறினாள். தகரக் கூரைக்குக் கீழே நீளமாகக் கொடி கட்டி வைத்துவிட்டு ஃபாயிஸா காத்திருந்தாள்.

"வயரைத் தொடலல்லா, அக்கா? நானும் வளையலை மட்டுந்தான் ஆட்டுனேன். அன்னைக்கு எங்க வீட்டுக்காரங்களைத் தோக்க விட்டிருந்தா, இன்னிக்கு வரைக்கும் என் அடுப்படியிலல்லா உக்காந்திருப்பாங்க."