மூன்று கொட்டேஷன் வீடு

இந்தக் கதையை நான் ஆறு வருஷமாக நம்பாமல் இருக்கிறேன். நம்பாமலேயே பத்துப் பதினைந்து பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். சொன்னபோதெல்லாம் கேட்டவர்கள் நம்பினார்கள். அதனால் எனக்கு என் மேல்தான் சந்தேகம் வந்ததே தவிர, கதை மேல் இருந்த சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்கத் துணிவு வரவில்லை.

எனக்கு இதைச் சொன்னவர் பூவராகன். நான் சிதம்பரத்தில் குடியிருக்கும் மாடி வீட்டின் சொந்தக்காரர். மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்களுக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் பெயருக்குத்தான். உண்மையான தொழில் கொட்டேஷன் தயாரிப்பது. ஓர் அலுவலகம் ஒரு மேஜை வாங்க வேண்டுமென்றாலும் மூன்று கடைகளின் விலைப்புள்ளி வேண்டும் என்பது விதி. மேஜை விற்கிறவர் பூவராகனிடம் வருவார். பூவராகன் மூன்று கடைகளின் பெயரிலும் அச்சடித்த தாள் வைத்திருப்பார். பத்து நிமிஷத்தில் மூன்று கடைகளும் ஒன்றோடொன்று கடுமையாகப் போட்டியிட்டு முடித்துவிடும்.

அவருடைய அக்கா திலகவதி. அக்காவின் கணவர் பெயர் அரசு, குமராட்சிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பதினான்கு வருஷத்தில் ஆறு வாடகை வீடு மாறியவர்கள். ஆறாவது வீட்டுக்காரர், தன் மகன் வெளிநாட்டிலிருந்து வருவதாகவும் ஆடி முடிவதற்குள் காலி செய்யும்படியும் சொல்லியிருந்தார். மகள் சுவேதா பத்தாம் வகுப்பு. இனி ஒரு முறை பாத்திரங்களைச் சாக்கில் கட்ட மாட்டேன் என்று திலகவதி சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சுப்புராயன் தன் வீட்டை விற்பதாகத் தகவல் வந்தது. அவர் முப்பத்து நான்கு வருஷம் ஓர் அரசு அலுவலகத்தில் பணியாற்றிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அலுவலகம்தான் அவருக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவர் அலுவலகத்துக்குக் கொடுக்கவில்லை. வாசலில் ‘பார்வையாளர் நேரம் 11 முதல் 12 வரை’ என்று பலகை. சாப்பாட்டு மேஜைதான் தபால் பிரிவு. அவருடைய மனைவி ராசம்மாள், வருகிற காகிதத்தில் எண் போட்டு உள்ளே அனுப்புவார். கல்யாணப் பத்திரிகைக்கும் எண் உண்டு. பணியில் இருந்தவரை பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி அவருக்கு வாய்க்கவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் ஒரு பெட்டி பச்சைப் பேனா வாங்கினார் என்று பூவராகன் சொல்வார்.

அரசு போய் வீட்டைப் பார்த்தார். விலை நாற்பத்திரண்டு லட்சம் என்றார் சுப்புராயன். அரசு பேரம் பேசவில்லை. வெற்றிலை பாக்கோடு பத்தாயிரத்தொரு ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தார். ‘பரிசீலனைக்கு உட்பட்டுத் தற்காலிகமாகப் பெறப்பட்டது’ என்று பச்சை மையில் ரசீது வந்தது. திலகவதி அதையெல்லாம் படிக்கவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த தையல் டேப்பை எடுத்து, ஜன்னல்களை அளந்துகொண்டு வந்து, அன்று சாயங்காலமே திரைச்சீலைக்குத் துணி எடுத்துவிட்டார்.

பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, சுப்புராயனிடமிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. பொருள்: வீடு விற்பனை, நேரில் ஆஜராதல் தொடர்பாக. அரசு பள்ளிக்கூடத்தில் பர்மிஷன் சொல்லிவிட்டு ஓடினார்.

“உங்க ஒரு கொட்டேஷன்தான் வந்துருக்கு,” என்றார் சுப்புராயன். “குறைஞ்சது மூணு வேணும்.”

“சார், நீங்க சொன்ன விலைக்கே வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டேனே.”

“ஒரே ஒரு கொட்டேஷன வச்சி நான் ஒரு பென்சில் வாங்குனது கெடையாது.”

“நீங்க வாங்கல சார், விக்கிறீங்க.”

“வாங்குறதோ விக்கிறதோ, எல்லாம் ஒரே ஃபைல்தான். இன்னும் ரெண்டு பார்ட்டிய நீங்களே பாத்து அனுப்புங்க. எல்லா எடத்துலயும் அதான் நடைமுறை.”

வீடு வாங்க வந்தவரே தனக்குப் போட்டியாக இரண்டு பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது அரசுக்கு வினோதமாகப் பட்டது. ஆனால் அவரும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர். பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகை வாங்கியவர். ஐந்து நிமிஷத்தில் வினோதம் போய், நியாயமாகப் பட்டது. நேராக மைத்துனர் கடைக்கு வந்தார்.

இந்த இடத்தில் பூவராகன் எப்போதும் ஒரு வார்த்தை சேர்ப்பார்: “பத்தொம்பதாம் தேதி மாமா கடைக்கு வர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியாது அண்ணே. அக்கா வீடு பாத்துருக்காங்கன்னு மட்டுந்தான் தெரியும்.” நான் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டுவேன்.

பூவராகன் தொழில் முறைப்படி வேலையை முடித்தார். அரசு நாற்பத்திரண்டு. எதிரே டீக்கடை வைத்திருக்கும் சாமிக்கண்ணு நாற்பத்தொன்று. பூவராகன் நாற்பது. தொகை படி மாதிரி இறங்க வேண்டும், அப்போதுதான் இயற்கையாக இருக்கும் என்பது அவருடைய கொள்கை. மூன்று உறைகள், மூன்று விதக் கையெழுத்து, மூன்றுக்கும் அரக்கு. சாமிக்கண்ணு கையெழுத்துப் போட்ட நாள் முதல் தூங்கவில்லை. “தப்பித் தவறி எனக்கு வீடு வந்துடாதேப்பா?” என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு உறைகள் பிரிக்கப்பட்டன. ராசம்மாள் சாட்சி. சுப்புராயன் ஒப்பீட்டுப் பட்டியல் எழுதினார். கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே பச்சை மையில் ஆணை எழுதி உரக்கப் படித்தார்: “பெறப்பட்ட மூன்று விலைப்புள்ளிகளில் திருவாளர் பூவராகனின் விலைப்புள்ளியே ஆகக் குறைந்ததாகக் காணப்படுவதால், அன்னாருடையது ஏற்கப்படுகிறது.”

சாமிக்கண்ணு சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அரசு எழுந்து நின்றார்.

“சார், நான் ரெண்டு லட்சம் ஜாஸ்தி போட்டுருக்கேன்.”

“அதான் தம்பி உங்க கொறை. ஜாஸ்தி போட்டவருக்கு ஆர்டர் குடுத்தா நாளைக்கு ஆடிட்டுல யாரு பதில் சொல்றது?”

“ஒங்க வீட்ட யாரு சார் ஆடிட் பண்ண வரப்போறாங்க?”

“என் சர்வீஸ்ல ஒரு தடவ கூட அவுங்க சொல்லிட்டு வந்ததில்ல,” என்றார் சுப்புராயன்.

பூவராகன் துடித்துப் போய், மாமா பேருக்கே மாற்றிக் கொடுங்கள் என்று மன்றாடினாராம். பெயர் மாற்றத்துக்கு விதியில் இடமில்லை. அது மட்டுமல்ல, அன்று மாலை ஐந்து மணிக்குள் அக்ரிமெண்ட் போடாவிட்டால் மூன்றும் ரத்து, மறு அறிவிப்பு. மறு அறிவிப்பில் குறிஞ்சிப்பாடியிலிருந்து யாரோ வரக்கூடும், விருத்தாசலத்திலிருந்தும் வரக்கூடும். வீடு குடும்பத்தை விட்டுப் போய்விடும். வேறு வழியில்லாமல், கனத்த மனத்தோடு, பூவராகன் கையெழுத்துப் போட்டார். நல்ல வேளையாகப் பையில் ஒரு முத்திரைத்தாள் கிடந்தது.

“அப்பறமா ஒங்க பேருக்கு எழுதித் தந்துடறேன் மாமா,” என்று அங்கேயே சொன்னார். சொன்னது உண்மை, அரசுவும் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் கிரயம் முடிந்த பிறகு கணக்குப் பார்த்தால், மறுபடி எழுதுவதற்கு மறுபடி முத்திரைத் தீர்வை, மறுபடி பதிவுக் கட்டணம். ஒரே வீட்டுக்கு அரசாங்கத்துக்கு இரண்டு தடவை அழுவது முட்டாள்தனம் என்று பூவராகன் மாமாவுக்கு எடுத்துச் சொன்னார். அக்காவின் குடும்பம் முட்டாள்தனம் செய்வதை அவரால் சகிக்க முடியவில்லை.

அரசு கொடுத்த டோக்கன் பணம் திரும்பி வந்தது, விண்ணப்பப் படிவச் செலவு இருநூறு ரூபாய் பிடித்தம் போக. அவர்கள் ஏழாவது வாடகை வீட்டுக்குப் போனார்கள். கிரகப்பிரவேசத்துக்குத் திலகவதி வந்தார். தம்பி வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாது என்று, தைத்து வைத்திருந்த திரைச்சீலைகளையே கொண்டுவந்து கொடுத்தார். ஸ்டூல் போட்டு ஏறி அவரே மாட்டினாராம். மாட்டிவிட்டு, “அளவு சரியா இருக்கு,” என்றாராம்.

நான் இந்தக் கதையைச் சொன்னவர்களில் ஒருவர் கூட, “அதெப்படி, குறைத்துக் கேட்டவனுக்கு எவனாவது சொந்த வீட்டைக் கொடுப்பானா?” என்று கேட்கவில்லை. மாறாக ஒவ்வொருவரும் ஒரு கதை வைத்திருந்தார்கள். ஒருவரிடம், உயிரோடு இருப்பதற்கான சான்றிதழுக்கு, போன வருஷம் உயிரோடு இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். இன்னொருவருக்குக் கிணறே இல்லாத நிலத்தில் கிணற்றை மூட உத்தரவு வந்தது. ஆபீஸ்காரர்கள் அப்படித்தான் என்று எல்லோரும் சிரித்தார்கள். அரசுவும் அப்படித்தான் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். முட்டாள்தனம் என்று சொன்னால் போதும், இந்த ஜில்லாவில் எந்த அலுவலகத்தின் பேரில் எதைச் சொன்னாலும் நம்புவதற்கு ஆள் இருக்கிறது.

நான் நம்பாததற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் அல்ல. குடிவந்த முதல் மாதம், கேஸ் இணைப்புக்காக வீட்டுப் பத்திர நகல் கேட்டேன். பூவராகன் கட்டாக எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கொடுத்தார். தொழில் சுத்தமுள்ள மனிதர். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடுத்திருந்தார். அன்று பையில் தற்செயலாகக் கிடந்த முத்திரைத்தாளின் பின்பக்கமும் அதில் இருந்தது. முத்திரைத்தாள் விற்பவர் தன் வழக்கப்படி, வாங்கியவர் பெயரையும் தேதியையும் எழுதியிருந்தார். பூவராகன், மஞ்சக்குப்பம். அதே மாதம், பதினேழாம் தேதி.

பத்தொன்பதாம் தேதி வரை எதுவும் தெரியாதவர், பதினேழாம் தேதி முத்திரைத்தாள் வாங்கியிருக்கிறார்.

ஆறு வருஷமாக அந்தத் தாள் என் பீரோவில் இருந்தது. திலகவதி இந்த வீட்டுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். படியேறி வந்து, “மேல காத்து வருதா அண்ணே?” என்று கேட்பார். நல்ல காற்று என்பேன். காற்று நல்ல காற்றுதான். தண்ணீர் இருபத்து நான்கு மணி நேரமும் வரும். வாடகை ஏழாயிரம், இந்தத் தெருவில் இந்த வாடகைக்கு ஒரு கார் நிறுத்தத்தான் இடம் கிடைக்கும். அவரிடம் சொல்லியிருக்கலாம். உறுதியாகத் தெரியாததைச் சொல்லி ஒரு குடும்பத்தைப் பிரிக்கலாமா என்று நான் எனக்குள் விவாதித்துக்கொண்டேன். விவாதம் மாதா மாதம் ஒன்றாம் தேதி வாடகை கொடுத்ததும் முடிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூவராகன் மாடிக்கு வந்தார். உட்காரவில்லை.

“ஒண்ணுமில்ல அண்ணே. வேற ஒரு பார்ட்டி வந்துருக்காங்க. மாடிக்கு மூவாயிரம் ஜாஸ்தி தரேங்கறாங்க. எனக்கு உங்கள அனுப்ப மனசே இல்ல. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

ஆறு வருஷம் திலகவதிக்காக எழாத தார்மிகக் கோபம், மூவாயிரம் ரூபாய்க்கு எழுந்தது. அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுந்தது எழுந்ததுதான். பீரோவைத் திறந்து, அந்த நகலை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி அவர் கையில் கொடுத்தேன். பூவராகன் அதைப் படித்தார். நகலின் தரத்தைப் பார்ப்பவர் போல வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் படித்தார். ஜன்னலில் திலகவதி தைத்த திரை ஆடிக்கொண்டிருந்தது.

“பூவராகா,” என்றேன். “கவருக்குள்ள நாப்பது லட்சம், சரி. கவருக்கு வெளியில எவ்வளவு குடுத்த?”