உப்பில்லாத சூப்பும் பச்சை ஸ்வெட்டரும்

பெரிய நாத்தனார் கிச்கா அக்காவுக்கு, தம்பி பெண்டாட்டி ஸ்தோயன்கா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உங்கள் முழங்கால் எப்படி?

பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டீர்கள், அதனால் கடிதம். உங்கள் தம்பி மெதோதி போய் ஆறு மாதம் ஆனதற்கு, நம் ஊர் வழக்கப்படி வாசலிலும் கம்பத்திலும் ஒட்டும் துக்கச் சீட்டை நான் ஒழுங்காகத்தான் எழுதினேன்: ‘மறக்க முடியாத கணவருக்கு, கண்ணீருடன் குடும்பத்தார்.’ ஏழாம் வகுப்பில் பாட்டுக் கட்டியவள், பிறகு தக்காளித் தொழிற்சாலையிலேயே காலம் போனது, இரண்டு வரிக்கே ஒரு சாயங்காலம் ஆனது. நூலகத்தில் செவ்வாய்தோறும் என்னைப் போன்ற கிழங்கள் கூடி எழுதிப் படிக்கிறார்களே, அங்கே காட்டினேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஹரலம்பி, “இதுல உன் ஆளு எங்கம்மா இருக்காரு? இத எந்தச் செத்தவன் வாசல்லயும் ஒட்டலாமே!” என்றார். நர்ஸாக இருந்த தோத்கா, “உள்ளத எழுதுடி, நாங்க யார்கிட்ட சொல்லப்போறோம்?” என்றாள். எழுதினேன். ருசி பார்க்காமலே உப்பைக் கொட்டுவார் என்று நாற்பத்தொரு வருடம் சூப்பில் நான் உப்பே போட்டதில்லை, அது அவருக்குத் தெரியாது, இப்போதும் போட மறக்கிறேன், கொட்டத்தான் ஆளில்லை என்று. நீங்கள் பின்னிய பச்சை ஸ்வெட்டரில் நாய் படுக்கிறது என்றும். தோத்கா அழுதாள். அதோடு விட்டார்களா? “அச்சகத்துக்கு நான் போறேன், நீ அலையாத” என்று ஹரலம்பி, அச்சடிக்க வேண்டிய பழைய தாளோடு இதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் ரொட்டி வாங்கப் போனால் கம்பம், பஸ் நிறுத்தம், ரொட்டிக்கடைக் கதவு, எங்கும் கறுப்புக் கட்டத்துக்குள் மெதோதி படம், கீழே சூப்பு, ஸ்வெட்டர், நாய்! “உனக்கெதுக்குச் சிரமம்னு நானே ஒட்டிட்டேன்” என்கிறார் ஹரலம்பி. ஒரு டிக்கெட்டை மூன்று தரம் திருப்பிப் பார்த்த மனுஷர்!

“என் ஸ்வெட்டரு நாய்க்குத்தான் லாயக்குன்னு ஊருக்கே ஒட்டிட்டல்ல? கோதுமை வேகவெச்சுப் படைக்கிற அன்னிக்கு என்ன எதிர்பாக்காத” என்றீர்கள். அவருடைய ரத்தம் என்று இருப்பது நீங்கள் ஒருத்திதான். நீங்கள் வராமல் கல்லறையில் நான் யார் பக்கத்தில் நிற்பது? ஒட்டிய சீட்டு எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். இனி பேனாவைத் தொட்டால் என் கை விளங்காமல் போகட்டும். சனிக்கிழமை கோதுமை படைக்க வாருங்கள். கடவுள் அவரை மன்னிக்கட்டும், உங்கள் முழங்காலையும் கவனிக்கட்டும்.

தங்கள்
ஸ்தோயன்கா

பி.கு: கிழித்தேன் என்றது பொய். கை வைத்ததுமே ரொட்டிக்கடைக்காரி, “ஏய், விடு அத! நானும் சூப்புல உப்ப நிறுத்திட்டேன், எம் புருஷன் கண்டுபிடிக்கிறானா பாப்போம்” என்றாள். வருடம் ஆகும்போது ஒட்டும் சீட்டையும் எழுத ஆரம்பித்துவிட்டேன். கடைசி நாள்வரை அவர் உடம்பில் அந்த ஸ்வெட்டர்தான் இருந்தது என்றும், அவர் வாசம் தேடி நாய் வாசலிலேயே கிடந்ததால் நான்தான் அதற்கு விரித்துக் கொடுத்தேன் என்றும் அதில் வருகிறது. இந்த ஆறு மாதச் சீட்டிலேயே எழுதியிருப்பேன். ஹரலம்பிதான், “எல்லாத்தையும் ஒரே தாள்ல கொட்டாதம்மா” என்றார்.