செவ்வாய்க்கிழமைக் குளியல்

வில்வண்டியில் இருந்தவர்கள் ஐந்து பேர். முன்னால் வண்டிக்காரன் பூதலிங்கம். அவன் முதுகுக்குப் பின்னால், வலது பக்கம், அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கூடத் தலைமை உபாத்தியாயரும் வேதக்கோயில் சபைக் கமிட்டியின் காரியதரிசியுமான தேவசிகாமணி. கோட்டு, தலைப்பாகை, மூக்குக்கண்ணாடி சகிதம். இடது பக்கம், பினாங்கிலிருந்து கப்பலேறி முதல் தடவையாக இந்தியா பார்க்க வந்திருக்கும் வருங்காலச் சம்பந்தி அருமைநாயகம். பின்பாதி வைக்கோலில் தேவசிகாமணியின் மனைவி தேவமணி, மடியில் சோற்றுத் தூக்கோடு. அவளுக்குப் பக்கத்தில் அருமைநாயகத்தின் மனைவி எலிசபெத்.

தேவசிகாமணி கோபமாக இருந்தார். வண்டி கிளம்புவதற்கு முன்பே கோபமாக இருந்தார்.

"போன சனிக்கிழமை போயிருக்கலாம். வார சனிக்கிழமை போகலாம். செவ்வாய்க்கிழமைதான் போகணும்னு அவுஹ அடம்பிடிச்சா, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுக்கிட்டு ஒருத்தன் அருவி பாக்கப் போவானா?" என்று மனைவியிடம் பல்லைக் கடித்தார்.

"பைய பேசுங்க. அவுஹ காதுல விழுந்திரப் போவுது. ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் வண்டியில் ஏறினார். மகள் கெசியாவுக்கும் அருமைநாயகத்தின் மகனுக்கும் விவாகம், தடை சொல்வோர் உண்டா என்று பாதிரி ஐயர் சபைக்கு முன் கேட்கும் ஓலை. பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது; இரண்டு சம்பந்தம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. மூன்றாவதும் தட்டிப்போனால் நாலாவது வராது.

விக்கிரமசிங்கபுரம் தாண்டியதும் வண்டி நின்றது. முன்னால் நூறு வண்டி நின்றது.

"ஏலே பூதலிங்கம், என்னலே இது? சந்தையா?"

"சந்தையா? ஆடி அமாவாசைல்லா ஐயா! அப்பனாத்தாவுக்குத் தர்ப்பணம் குடுக்க ஜில்லாவே வந்திருக்கு."

சபையார் வீட்டில் பஞ்சாங்கம் இருக்கக்கூடாது, நாள் பார்க்கக்கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தவரே தேவசிகாமணிதான். அவர் வீட்டில் அமாவாசை என்ற சொல்லுக்கே இடமில்லை. அதனால்தான் அது வந்தது அவருக்குத் தெரியவில்லை.

"இதை ஏன்லே நேத்தே சொல்லல?"

"ஐயாகிட்ட நாள் பேரு சொன்னா அடிக்க வருவீஹளே!"

"வண்டியைத் திருப்பு!"

திருப்ப முடியவில்லை. அதற்குள் பின்னாலும் வண்டிகள் வந்து நின்றுவிட்டன. அதோடு அருமைநாயகத்தையும் காணோம்.

அவர் வண்டிக்கு எதிரே, அருவியோரப் பாறைமேல் நின்றார். கழுத்திலிருந்து முழங்கால்வரை ஒட்டிப் பிடித்த, கறுப்பும் மஞ்சளும் கோடு போட்ட பினாங்கு நீச்சல் உடுப்பு.

"ஏலே, புலிவேசம் வந்திருக்குலே!" என்று யாரோ கத்த, கூட்டம் பாறையைச் சூழ்ந்துகொண்டது.

"சம்பந்தி! தலைப்பாகைச் சம்பந்தி! வாங்க, தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு!" என்று அருமைநாயகம் இரண்டு கையையும் ஆட்டினார்.

கூட்டம் முழுவதும் தலைப்பாகையைத் தேடியது. தேவசிகாமணி வண்டிக்குப் பின்னால் பதுங்கி, தலைப்பாகை, கோட்டு, சட்டை, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றித் தேவமணியிடம் எறிந்தார். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு. இனி அவரை யாருக்கும் அடையாளம் தெரியாது.

தெரியவில்லைதான். எல்லாரையும் போல ஆகிவிட்டதால், எல்லாரையும் பிடித்த புரோகிதர் அவரையும் பிடித்தார்.

"உக்காருங்கோ. நாழியாறது. கையை நீட்டுங்கோ."

"ஓய், விடும்! நான் யாருன்னு தெரியுமா உமக்கு?" என்று தேவசிகாமணி கத்தினார்.

நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். யாரென்று சொல்வதைவிட உட்காருவதே மேல் என்று தோன்றியது. உட்கார்ந்தார். விரலில் தர்ப்பை ஏறியது. உள்ளங்கையில் எள் விழுந்தது.

"தோப்பனார் பேரு?"

தினமும் பிள்ளைகளிடம் அதே கேள்வியை அதே குரலில் கேட்கிறவர் அவர். உடனே பதில் சொல்லாத பையனுக்குப் பிரம்படி. வாய் தானாகத் திறந்தது.

"மாசிலாமணி."

"அவரோட தோப்பனார்?"

"சுடலைமுத்து." ஞானஸ்நானம் பெறாமலே போய்ச் சேர்ந்தவர். அவருக்காக இப்போது எள்ளும் தண்ணீரும் இறங்கிக்கொண்டிருந்தது.

மந்திரம் முடிவதற்குள் தேவசிகாமணி துள்ளி எழுந்து ஓடினார். கையில் ஒட்டிய எள்ளைக் கழுவவேண்டும். அருவிக்குள் புகுந்தார். புகுந்தவரை ஒரு புலிக்கை பிடித்தது.

"வந்துட்டீங்களா சம்பந்தி! மூணு முழுக்குப் போட்டாத்தான் சளி பிடிக்காதாம், எல்லாரும் சொல்றாங்க!"

"வேண்டாம் வே! மூணு வேண்டாம், அது அவுஹ சாஸ்திரம்! ரெண்டோ நாலோ..."

"ஒண்ணு!" என்று அருமைநாயகம் அமுக்கினார். "ரெண்டு!" என்று கூட்டம் கத்தியது. மூன்றாவதை எண்ணும்போது தேவசிகாமணியின் காதில் தண்ணீர் மட்டுமே இருந்தது.

இருமிக்கொண்டு கரையேறினார். எந்தப் புண்ணியவானோ போகிறபோக்கில் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டுப் போனான். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு எதிரே ஒரு கொழுத்த உருவம் நின்று, சிரித்தது.

"என்ன சார்வாள், தர்ப்பணம் ஜோராக் குடுத்தீரு! பெரியவரு வயிறு நெறைஞ்சிருக்கும்."

குரலே போதும். கருப்பட்டி வியாபாரி இஸ்ரவேல், சபையின் மூப்பர். கமிட்டியில் தேவசிகாமணி சொல்லும் எதையும் வெட்டிப் பேசுகிறவர். இஸ்ரவேலின் மகளுக்கும் இதே ஞாயிற்றுக்கிழமை ஓலை.

"நீரு இங்கன எதுக்கு வந்தீரு அண்ணாச்சி?"

"யாவாரத்துக்கு வே. இத்தனை கூட்டம் வார நாளு வேற உண்டா? அதான் பஞ்சாங்கத்தைப் பாத்து ஒரு மாசம் முந்தியே சரக்குப் போட்டேன். நெத்தியைத் தொடைச்சுக்கிடும், ஐயரு கண்டா பயந்திருவாரு."

திரும்பி வரும் வழியெல்லாம் தேவசிகாமணி துண்டால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அருமைநாயகம் பாடிக்கொண்டே வந்தார். எலிசபெத், இப்படி ஒரு நாளைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று தேவமணியிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை விடிந்ததும் தேவசிகாமணி மேஜைமுன் உட்கார்ந்தார். இஸ்ரவேல் வாய் திறப்பதற்குள் கடிதம் ஐயர் கையில் இருக்கவேண்டும். ஐயர் இருப்பது பத்தமடையில். பினாங்குக்காரர்களுக்குப் பாய் வாங்கப் பூதலிங்கம் இப்போதே அங்கே போகிறான்.

எழுதுவதை ஒழுங்காக எழுதினார். வண்டியில் யார் யார், எங்கே உட்கார்ந்தார்கள் என்பது முதல். பிறகு சட்டம்: 'நாள் இன்னதென்று அறியாமல் அருவிக்குப் போய் ஜனக்கூட்டத்தில் அகப்பட்டவர்மேல் குற்றமில்லை. பஞ்சாங்கம் பார்த்து, நாள் தெரிந்தே போனவர் எவராயினும், முகதாட்சணியம் பாராமல், அவர் வீட்டுக் கல்யாண ஓலை ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்படலாகாது.'

முதல் வாக்கியம் அவரைக் காப்பாற்றியது. இரண்டாம் வாக்கியம் இஸ்ரவேலை முடித்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்தார். நேற்றுக் காலையிலிருந்து முதல் தடவையாகக் கோபம் தணிந்தது. உறையில் போட்டு, அரக்கை உருக்கி, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"ஏலே, ஐயர் கையிலேயே குடுக்கணும். வழியில எங்கேயும் நிக்கப்படாது."

"நிக்கமாட்டேன் ஐயா. மாடு நேத்துப் பூரா நின்னுதான் கிடந்தது."

சலங்கைச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்து மறைந்தது. வாசலில் ஈரத் தலையை உலர்த்திக்கொண்டிருந்த எலிசபெத் கேட்டாள்: "காலங்காத்தால யாருக்கு சம்பந்தி கடுதாசி?"

"ஐயருக்கும்மா. அந்த இஸ்ரவேல் பஞ்சாங்கத்தைப் பாத்து, நாள் தெரிஞ்சே அருவிக்கு வந்திருக்கான். சும்மா விடலாமா?"

"அட, அவரும் நம்ம கட்சிதானா!" என்று எலிசபெத் கலகலவென்று சிரித்தாள். "நாங்களும் பினாங்கிலேயே பஞ்சாங்கம் வாங்கி, ஆடி அமாவாசை என்னைக்குன்னு பார்த்துத்தானே கப்பல் சீட்டே எடுத்தோம், இல்லாட்டி செவ்வாய்க்கிழமைதான் போகணும்னு எதுக்கு ஒத்தைக்கால்ல நின்னோம்?"