மாடிக் கீரையும் மண்டையோட்டு டப்பாவும்

"இனி எங்க வீட்டு அடுப்புல விஷம் ஏறாது!"

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் இப்படி முழங்கியதும் கைதட்டல் பலமாக இருந்தது. கடைக் காய்கறியில் பூச்சிமருந்து. மருந்தில்லாத காய்கறியின் விலையைக் கேட்டால் மயக்கம். ஆகவே நாளைய விவசாயம் மொட்டை மாடியில்தான், அதை நானே நடத்திக் காட்டுகிறேன் என்றேன். என் மனைவி மட்டும் கை தட்டவில்லை. நான் வாயைத் திறந்தால் வேலை யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படியேதான் விழுந்தது. மண் கலந்தது, தொட்டி சுமந்தது, விதைத்தது எல்லாம் அவள். மேற்பார்வை நான்.

கீரை தளதளவென்று வந்தது. பின்னாலேயே புழுவும் வந்தது. கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், புழு வளர்க்கப் போறதா கூட்டத்துல சொல்லவே இல்லையே!" என்றார். எனக்கு வெலவெலத்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்காருவேன்?

மண்டையோடு படம் போட்ட மருந்து டப்பா ஒன்றை ரகசியமாக வாங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். தினமும் விடியற்காலை, மூக்கில் துண்டு, கண்ணில் மகளின் நீச்சல் கண்ணாடி, கையில் டப்பா. தெளித்துவிட்டு, நெஞ்சு படபடக்கக் கீழே வந்து தூங்குவதுபோல் படுத்துக்கொள்வேன். தெளிப்பதை நிறுத்தி இரண்டு வாரம் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. அதுவரை எதையாவது சொல்லி மனைவியைத் தடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

புழு செத்தது. என் மானம் பிழைத்தது. ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தேன்.

"சாப்பிட வாங்க. நம்ம மாடிக் கீரை!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எப்போ பறிச்சே?"

"இப்பத்தான். நீங்க குளிக்கப் போனப்போ."

அன்று காலையில்தான் தாராளமாகத் தெளித்திருந்தேன். அதற்குள் மகள் தன் தட்டில் கீரையை அள்ளிப் போட்டுக்கொண்டுவிட்டாள்.

"வேண்டாம்! அது இன்னும் இளசு!"

"கீரையை இளசாத்தாங்க பறிக்கணும்."

"குழந்தைக்குத்தான் கீரையே பிடிக்காதே!"

"பிடிக்கும்ப்பா" என்றாள் மகள். கீரையைக் கண்டாலே மேசைக்கடியில் ஒளிகிறவள், இன்றைக்குப் பார்த்தா திருந்த வேண்டும்?

அவள் தட்டைப் பிடுங்கினேன். சட்டியையும் என் பக்கம் இழுத்தேன். "எனக்கு வேணும். எல்லாமே எனக்குத்தான் வேணும்."

"அவ்வளவு ஆசையா? அப்ப சாப்பிடுங்க." மனைவி எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

ஒரு வாய் எடுத்தேன். வாய்க்கருகே கொண்டுபோய் நிறுத்தினேன். உண்மையைச் சொன்னால் இவள் கொல்வாள், சொல்லாவிட்டால் கீரை கொல்லும். இரண்டில் எது வலிக்காது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, என் முழங்கைக்குக் கீழே நுழைந்து ஒரு சின்னக் கை சட்டிக்குள் போனது. அந்த நொடியில் என் ஈரக்குலை நடுங்கியது. அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை.

"தொடாதே! விஷம்! நான்தான் மருந்து தெளிச்சேன்!"

மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டேன். இடி விழவில்லை.

"தெரியும்" என்றாள் மனைவி.

"தெரியுமா?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால நீங்க ஒளிச்ச அன்னைக்கே பார்த்துட்டேன், அதைக் கடையில திருப்பிக் கொடுத்துட்டேன். அதே மாதிரி படம் ஒட்டின புது டப்பாவுல சோப்புத் தண்ணி கலந்து வெச்சேன். புழு செத்தது அதுலதான். கீரையையும் நல்லா அலசிட்டேன். குழந்தை கையை விடுங்க, சாப்பிடட்டும்."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? தினமும் எப்படிப் பயந்து செத்தேன் தெரியுமா?"

அவள் என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கீரையை வைத்தாள்.

"சோப்புத் தண்ணியை தினமும் விடியறதுக்குள்ள தெளிக்கணும்ங்க. நான் சொல்லியிருந்தா நீங்க எந்திரிச்சிருப்பீங்களா?"