பத்துக்குப் பத்து

"ஒரே பத்து பேரோட தோளை ரெண்டு பேரும் தனித்தனியா பாத்திருக்கீங்க. மூணு பேர் விஷயத்துலதான் ஒத்துப் போறீங்க. நோயாளி யாரை நம்பறது?" பெரிய டாக்டர் தாள்களை மேசைமேல் போட்டார்.

இருவரில் மூத்தவருக்கு முகம் சுருங்கியது. இருபது வருஷமாகக் கையும் தோளும் பார்க்கிறவர். அவர் 'மூட்டு இறுக்கம்' என்று டிக் போட்ட இடத்திலெல்லாம், வந்து ஆறு மாசம் ஆகாத இளையவன் 'கழுத்து நரம்பு' என்று போட்டிருந்தான். புதிதாகத் திறக்கும் தோள் பிரிவுக்கு யார் தலைவர் என்பது இந்தத் தாள்களை வைத்துத்தான் முடிவாகும். போதாக்குறைக்கு, "சின்ன டாக்டர் தொட்டாலே பாதி வலி போயிடுது" என்று நோயாளிகள் வேறு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அடுத்த வாரம், தான் சொல்வதே சரி என்று காட்ட, ஒவ்வொரு கையையும் தூக்கி, முறுக்கி, முதுகுக்குப் பின்னால் வளைத்துப் பார்த்தார். நல்ல கைக்கும் வலி வந்தது. அந்தக் கையோடு அவர்கள் இளையவனிடம் போக, அவன் வேறு வியாதிக்கு டிக் போட்டான். ஒத்துப்போனது மூன்றிலிருந்து ஒன்றாயிற்று.

மூன்றாம் வாரம் சிஸ்டரைக் கூப்பிட்டார். "அவன் முடிச்சதும் தாளை இங்க கொண்டு வாங்க. சும்மா பாக்கத்தான்."

"சரி, டாக்டர்."

வந்த தாளைப் பார்த்துக் கட்டம் கட்டமாக டிக் போட்டார். அவன் போட்டதையே தானும் போடுவது வேப்பங்காயாகக் கசந்தது.

"பிரமாதம்! பத்துக்குப் பத்து!" என்றார் பெரிய டாக்டர். "பத்து பேருக்கும் வலியும் குறைஞ்சிருக்கு. சின்னவர் உங்களையே வழிக்குக் கொண்டு வந்துட்டாரே! தலைமை அவருக்குத்தான்."

மூத்தவருக்குத் தலைக்கேறியது. "சார், அவன் என் தாளைப் பாத்து எழுதினவன்!" என்றார் வாய் கூசாமல்.

பச்சைப் பொய். ஆனால் இளையவன் முகம் வெளுத்தது.

"மன்னிச்சிடுங்க சார். சிஸ்டர்கிட்ட உங்க தாளைக் கேட்டு வாங்கித்தான் போட்டேன். உங்க அனுபவத்தைப் பாத்தா எனக்கு ஒரே பொறாமை."

"என் தாளையா? நான் உன் தாளை இல்ல..." மூத்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூன்று பேரும் கதவோரம் நின்ற சிஸ்டரைப் பார்த்தார்கள்.

"மத்தவர் தாள் வந்தாத்தான் எழுதுவேன்னு ரெண்டு பேரும் உக்காந்துட்டீங்க, டாக்டர், வெளிய பத்து பேர் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்களா, எங்க வலிக்குதுன்னு அவங்களையே கேட்டு, ரெண்டு தாள்ல நானே டிக் போட்டு, அவர் தாள்னு இவருக்கும் இவர் தாள்னு அவருக்கும் கொடுத்துட்டேன்."